அந்தமானில் ஊதிய விசில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவன் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். கல்யாணச் சட்டை ஒன்று அந்துருண்டை வாசனையோடு மடிப்புக் கலையாமல் இருக்கும். மற்றதெல்லாம் பாதுகாப்பு வாரத்துக்குக் கம்பெனியில் சும்மா கொடுத்த டீ-ஷர்ட்டுகள். கண் கூசும் பச்சை, முதுகில் பெரிய எழுத்தில் ‘பாதுகாப்பே முதல் கடமை’. அதைப் போட்டுக்கொண்டுதான் ரேஷன் கடைக்குப் போவோம், சினிமாவுக்குப் போவோம், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்குத் துணையாகவும் போவோம். அந்தமானுக்கும் அதையே போட்டுக்கொண்டு போனோம். ஊருக்குத் தகுந்த உடுப்பு வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

நாங்கள் நான்கு பேர். எல்லோரும் ஒரே கம்பி ஆலை. நான் எலக்ட்ரீசியன். எரிகிற விளக்கை யாரும் கவனிப்பதில்லை, அணைந்தால் மட்டும் என்னைத் தேடுவார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். இரண்டாமவன் கிரேன் ஓட்டுகிறவன். காலையில் ஏறி மேலே உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவான், மனிதர்களின் தலை உச்சியைப் பார்த்தே ஆளை அடையாளம் சொல்வான். மூன்றாமவன் சேப்டி ஆபீசர். அவனை நாங்கள் சேப்டி என்றுதான் கூப்பிடுவோம், அவன் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். நான்காமவன் அத்திப்பட்டுக்காரன், கான்ட்ராக்ட் ஆள். கிரேன் கொக்கியில் சங்கிலி மாட்டி, கம்பிக் கட்டுகளை ஏற்றிவிடும் வேலை.

இந்தக் கதை அத்திப்பட்டுக்காரனுடையது. அவன் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் அனல்மின் நிலையமோ வேறு கம்பெனியோ, ஏதாவது ஒரு காம்பவுண்டுச் சுவர், அதைத் தாண்டினால் இன்னொரு சுவர், கேட்டில் செக்யூரிட்டி. கடற்காற்று மட்டும் பாஸ் இல்லாமல் உள்ளே வரும், வரும்போது கொடியில் காயும் வெள்ளைச் சட்டையைச் சாம்பல் நிறமாக்கிவிட்டுப் போகும். அவன் மகள் மூன்றாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கடல் படம் வரையச் சொன்னதற்கு ஒரு நீளச் சுவரும் ஒரு கேட்டும் வரைந்து, கேட்டில் தொப்பி போட்ட ஒருவரையும் நிற்க வைத்திருந்தாள். கடல் எங்கே என்று டீச்சர் கேட்டாராம். சுவருக்கு அந்தப் பக்கம் என்று சொல்லியிருக்கிறாள்.

இவன் சின்ன வயதில் ஏரியில் நாளெல்லாம் நீந்திக் கிடந்தவன். அந்த ஏரியில் இப்போது ஆகாயத்தாமரைதான் நீந்துகிறது. ஒரு நாள் மகளிடம் “அப்பா நல்லா நீஞ்சுவேன்” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பொய் சொல்லாதப்பா” என்று ஹோம்வொர்க்கில் குனிந்துகொண்டாள். அது அவனுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. மேஸ்திரி எவ்வளவு திட்டினாலும் சிரித்துக்கொண்டே நிற்கிறவன், இதை மட்டும் கேன்டீனில் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னான்.

டீக்கடையில் நாங்கள் கோவா போகாத நாள் கிடையாது. எல்லா நண்பர்கள் கூட்டத்தையும் போலத்தான், டீ தீர்ந்ததும் கோவாவும் தீர்ந்துவிடும். இந்த முறை கிரேன்காரனின் சகலை அந்தமானில் வேன் வாடகைக்கு விடுகிறார் என்று தெரிந்தது. வேன் தருகிறார், நாமே ஓட்டிக்கொள்ளலாம், சனி ஞாயிறு தீவைச் சுற்றிவிட்டு வரலாம் என்றதும், அத்திப்பட்டுக்காரன்தான் முதலில் கையைத் தூக்கினான்.

“நீங்க எங்க வேணா சுத்துங்க மச்சி. எனுக்கு ஒரே ஒரு வாட்டி கடல்ல நீஞ்சணும். நீ அத்த வீடியோ எடுத்துக் குடு. புள்ளைக்குக் காட்டணும். வேற ஒண்ணியும் வாணாம்” என்று என்னிடம் சொன்னான்.

கம்பெனியில் அவன் சேப்டியை ‘சார்’ என்று கூப்பிட வேண்டும், வெளியே ‘மச்சி’. இந்தப் பயணத்தில் யாரும் யாரையும் சார் என்று கூப்பிடக் கூடாது என்று ஏர்போர்ட்டிலேயே ஒப்பந்தம் போட்டோம். ஒப்பந்தத்தை முன்மொழிந்தது சேப்டிதான். அவனுக்கும் மச்சியாக இருக்க ஆசை இருக்கும் அல்லவா.

விமானத்தில் பணிப்பெண் பெல்ட் மாட்டுவது எப்படி என்று செய்து காட்டினாள். அத்தனை பயணிகளில் அதைக் கண் கொட்டாமல் பார்த்தவன் சேப்டி ஒருவன்தான். முடிந்ததும் தலையாட்டி, “நல்லாத்தான் சொல்லுது. ஆனா புரிஞ்சுதான்னு ஒருத்தரையும் கேக்கல பாரு” என்றான். பிறகு எழுந்து எங்கள் மூன்று பேர் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தான். அவன் எழுந்து நின்றதற்காக அந்தப் பெண் அவனைக் கடிந்துகொண்டாள். எனக்கு அந்தப் பயணத்தில் முழு மகிழ்ச்சி கிடைத்த இடம் அது.

சனிக்கிழமை காலை லாட்ஜ் வாசலில், வேனுக்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்க வைத்தான் சேப்டி. கம்பெனியில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் இப்படி நிற்க வைத்து, இன்று என்ன வேலை, அதில் என்ன ஆபத்து என்று பேசுவது வழக்கம். அதைத் தீவில் வந்தும் விடவில்லை.

“இன்னிக்கு வேலை இன்னா?”

“சுத்திப் பாக்குறது” என்றான் கிரேன்காரன்.

“அதுல ஆபத்து இன்னா?”

“நீதான் நைனா.”

பச்சை டீ-ஷர்ட்டில் நான்கு பேர் வரிசையாக நிற்பதைப் பார்த்த லாட்ஜ்காரர் ஏதோ அரசாங்கத்து ஆட்கள் சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். நாஷ்டாவுக்குக் கேட்காமலே இரண்டாவது சட்னி வந்தது. கழிவறையில் புதுச் சோப்பும் வந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டோம்.

கிரேன்காரன் வேன் ஓட்டினான். அவனுக்குத் தெரிந்த ஒரே வேகம், தலைக்கு மேல் பத்து டன் தொங்கும்போது போகிற வேகம். தீவுச் சாலை வளைந்து வளைந்து போகிறது. ஒரு வளைவில் பாக்குத் தோப்பு, அடுத்த வளைவில் நீலமாகக் கடல். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நிறுத்தி, ஹாரன் அடித்து, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு நகர்த்தினான். சைக்கிளில் போன பள்ளிக்கூடத்துப் பெண்கள் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவிதத்தில் நல்லதுதான். அவ்வளவு மெதுவாகப் போய் அவ்வளவு கடலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

முதல் கடற்கரையில் அத்திப்பட்டுக்காரன் செருப்பைக் கழற்றுவதற்குள் சேப்டி ஒரு பலகையைக் கண்டுபிடித்துவிட்டான். முதலை நடமாட்டம், தண்ணீரில் இறங்காதீர்கள் என்று மூன்று மொழிகளில் எழுதி, வாய் பிளந்த முதலைப் படமும் போட்டிருந்தது. எங்கள் சேப்டிக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. முன்னால் நின்று பின்னால் நின்று படம் எடுத்தான். அந்த நிறத்துப் பெயின்டும் அந்த எழுத்தின் அளவும் நம் கம்பெனியில் வரவே வராது என்று வருத்தப்பட்டான். பலகையின் தோளில் கை போட்டு நின்று என்னை ஒரு படம் எடுக்கச் சொன்னான். அந்தப் பயணத்தில் அவன் சிரித்திருக்கும் படம் அது ஒன்றுதான்.

இரண்டாவது இடத்தில் கடல் வற்றி உள்ளே போயிருந்தது. பாறையும் பவளமுமாகக் கிடந்தது. வழுக்கும், கிழிக்கும் என்றான் சேப்டி. அது உண்மைதான், ஆனால் அவன் சொன்ன விதத்தில் பாறைகளையே கோபித்துக்கொண்டது போல இருந்தது. அத்திப்பட்டுக்காரன் ஒரு குட்டையில் கணுக்கால் நனைத்துவிட்டு வந்தான். இரவு தமிழர் ஒருவர் நடத்தும் மெஸ்ஸில், சுற்றிலும் கடல் மீன் பொரிந்துகொண்டிருக்க, நாங்கள் பரோட்டாவும் சால்னாவும் கேட்டோம். எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, “கும்மிடிப்பூண்டிலேருந்து இவ்ளோ தூரம் பரோட்டா துன்ன வந்தீங்களா?” என்றார் மெஸ்காரர்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். பிற்பகலில் விமானம். காலையில் மூன்றாவது கடற்கரைக்குப் போனோம். இது முறையாகக் குளிக்க அனுமதித்த இடம். கொடி கட்டி எல்லை போட்டிருந்தார்கள், முதலை வராமல் வலை கட்டியிருந்தார்கள், காவலுக்கு ஆள் இருந்தார். சேப்டி கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தான். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

“சரி, எறங்கிக்க. கொடிக்கு உள்ள மட்டும்” என்றான்.

அத்திப்பட்டுக்காரன் டீ-ஷர்ட்டைக் கழற்றி நான்காக மடித்து, காற்றில் போகாதபடி மேலே செருப்பை வைத்தான். நான் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டேன். அவன் இறங்கினான். முழங்கால் வரை போனதும் நின்று குனிந்து பார்த்தான். தண்ணீருக்குள் அவனுடைய பாதம் அவனுக்கே தெரிந்தது. அதைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. இடுப்பளவு போனான். திரும்பி என் பக்கம் கையாட்டினான்.

“பாத்துக்கோ பாப்பா. அப்பா நீஞ்சப் போறேன்.”

கையை முன்னால் நீட்டிக் குனிந்தான். விசில் சத்தம் கேட்டது.

இந்த விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலையில் விசில் ஊதினால் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டு கையையும் விரித்துத் தலைக்கு மேல் தூக்கி, கையில் ஒன்றும் இல்லை என்று காட்டிக்கொண்டு, கூடும் இடத்துக்கு நடந்து வர வேண்டும். ஏன் என்ற கேள்வியெல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான். ஒரு முறை கம்பிக் கட்டு ஒன்று சங்கிலி நழுவி விழுந்தபோது, அத்திப்பட்டுக்காரன் இந்த விசிலைக் கேட்டு நகர்ந்ததால்தான் பிழைத்தான். ஊதியவன் சேப்டி. அதனால் விசில் சத்தம் அத்திப்பட்டுக்காரன் காதுக்கு வருவதில்லை, நேராகக் காலுக்குப் போய்விடும்.

திரும்பிப் பார்த்தேன். சேப்டி மணலில் கால் அகட்டி நின்று, கழுத்துக் கயிற்றில் தொங்கும் விசிலைக் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான். விரல் நீட்டியது கடலை நோக்கி அல்ல. கரையோரம் ஒரு தென்னை மரம், அதில் குலை குலையாகத் தேங்காய். அதற்கு நேர் கீழே துண்டை விரித்து, வாயைத் திறந்து கிரேன்காரன் தூங்கிக்கொண்டிருந்தான். தொங்கும் சுமைக்குக் கீழே நிற்காதே என்பது எங்கள் ஆலையில் முதல் விதி. கிரேன் ஓட்டுகிறவனே போய் அப்படிப் படுத்தால் சேப்டியால் எப்படிப் பொறுக்க முடியும்.

ஆனால் கடலில் இருந்தவர்களுக்குத் தேங்காய் தெரியாது. கண் கூசும் பச்சை உடுப்பில் ஒருவன் விசில் ஊதுகிறான், அவ்வளவுதான் தெரிந்தது. புதுமணத் தம்பதிகள் கை கோத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு பெரிய குடும்பம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்தது. யாரோ இந்தியில் முதலை என்றார்கள். அந்தச் சொல் கரை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும்போது, முதலையின் நீளத்தைக் கண்ணால் பார்த்த சாட்சிகளும் வந்துவிட்டார்கள். சற்று நேரத்தில் கடலில் ஆள் இல்லை.

அத்திப்பட்டுக்காரனும் வந்தான். மற்றவர்கள் ஓடி வந்தார்கள், இவன் ஓடவில்லை. இரண்டு கையையும் விரித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, தண்ணீர் சொட்ட, ஒரே சீராக நடந்து வந்து சேப்டிக்கு முன்னால் நின்றான்.

“இன்னா சார் ஆச்சு?” என்றான்.

அந்த ‘சார்’ என் காதில் விழுந்தது. சேப்டி காதிலும் விழுந்திருக்க வேண்டும், அவன் விசிலை வாயிலிருந்து எடுத்தான். தூக்கம் கலைந்த கிரேன்காரன் எழுந்து உட்கார்ந்து, தானும் கையைத் தூக்கினான்.

காவலுக்கு இருந்தவர் வந்தார். எங்கள் முதுகைப் படித்துவிட்டு, தமிழிலேயே பேசினார். தேங்காய்க்காக ஊதியது என்று சேப்டி விளக்கினான். அவர் மேலே தேங்காயைப் பார்த்தார், கீழே கிரேன்காரனைப் பார்த்தார், கடைசியில் சேப்டியை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நீங்க ஊதினது தேங்காய்க்காக இருக்கலாம் சார். ஆனா முதலைன்னு பேச்சு கெளம்பிடுச்சு. பேச்சு கெளம்பினா படகு வந்து வலையைச் சுத்திப் பாக்காம யாரையும் எறக்க முடியாது. அதுதான் ரூல்.”

“படகு எப்ப வரும்?” என்று கேட்டேன்.

“சாப்பாட்டுக்கு அப்புறம்.”

சாப்பாட்டுக்கு அப்புறம் எங்களுக்கு விமானம். சேப்டி மெல்லிய குரலில், “ரூல் சரியான ரூல்தான்” என்றான். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த விசிலைப் பிடுங்கிக் கடலில் வீசியிருப்பேன், ஆனால் கொடிக்கு அப்பால் யாரும் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

வேனில் நான் சேப்டியை நன்றாகத் திட்டினேன். “உனுக்கு அறிவு இருக்குதா? அவன் எதுக்குடா வந்தான்? ஒரே ஒரு முங்கு கேட்டான். அத்தக்கூட வுடல நீ. எங்க போனாலும் உன்னோட ஒரே பேஜாரு.”

“தேங்கா தலையில உழுந்திருந்தா?” என்றான் சேப்டி.

“உடு மச்சி” என்றான் அத்திப்பட்டுக்காரன் என்னைப் பார்த்து. “ஊதினா வரணும்ல.” அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஈர அரைக்கால் சட்டையோடு சீட்டில் ஓரமாக உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தான். கிரேன்காரன் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான், அது கடலை அவன் இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்பதற்காக என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஏர்போர்ட்டில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தோம். இறங்குகிறான், சிரிக்கிறான், கையாட்டுகிறான், நீந்தப் போகிறேன் என்கிறான், விசில், கையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறான். விசிலுக்கு முன்னால் வெட்டி அனுப்பலாம் என்றேன். அவன் வேண்டாம் என்றான். ஏற்கெனவே பொய் சொல்கிறவன் என்று பெயர் வாங்கியாயிற்று, இதில் வேறு வெட்டுவதா என்று முழுசாக அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் மகள் போன் செய்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

“அப்பா, நல்லாத்தான எறங்கின. அப்புறம் ஏன் வந்துட்ட?”

“விசில் ஊதிட்டாங்கம்மா.”

பின்னால் அவர்கள் வீட்டு மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

“அங்கயும் உன் கம்பெனி இருக்குதாப்பா?”

நாங்கள் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. சேப்டி எழுந்து போய், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பான் பக்கத்தில் நின்று, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். ஒரு சீட்டைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. விமானத்துக்குக் கூப்பிடும் வரை அவன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றான். ‘பாதுகாப்பே முதல் கடமை’ என்பதை நான் வேறு வழியில்லாமல் பல தடவை படித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் பைக் நின்றது. சேப்டி. கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான், கல்யாணச் சட்டையாகத்தான் இருக்க வேண்டும், அந்துருண்டை வாசனை அடித்தது. கழுத்தில் விசில் கயிறு இல்லை. “பழவேற்காடு போலாம் வா. அவனையும் பாப்பாவையும் கூட்டிக்கினு போலாம். ஏரிப் பக்கம் ஆழம் இல்லாத எடமா நேத்தே போயி மீன் புடிக்கிறவங்ககிட்ட கேட்டு வெச்சிட்டேன்” என்றான். முந்தின நாளே தனியாகப் போய்க் கேட்டு வைத்திருக்கிறான். அவன் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே எனக்குப் போய்விட்டது.

தண்ணீர் அந்தமான் மாதிரி இல்லை. கலங்கலாக, சேற்று வாசனையோடு இருந்தது. பாதம் தெரியாது. ஆனாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சுவர் இல்லை. மகள் கரையில் கைகட்டி நின்றாள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவளைப் போல. அத்திப்பட்டுக்காரன் இறங்கினான். இடுப்பளவு போனான். கையை முன்னால் நீட்டிக் குனிந்தான்.

குனிந்தவன் அப்படியே நின்றான். பிறகு நிமிர்ந்து கரையைத் திரும்பிப் பார்த்தான். கை பாதி தூக்கியபடி இருந்தது.

யாரும் ஊதவில்லை. சேப்டி இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றான்.

“போப்பா” என்று மகள் கத்தினாள். “யாரும் ஊத மாட்டாங்க, போ.”

அவன் மகளைப் பார்க்கவில்லை. சேப்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போ மச்சி” என்றான் சேப்டி.

அதற்குப் பிறகுதான் போனான்.